கடல் தெரியுற ரூம்

டிசம்பர் 20, சனி
ஆடியில் அப்பா போனார். அதன் பிறகு அம்மா எதையும் கேட்டதில்லை. இன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே, “கன்னியாகுமரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமாடா?” என்றாள். இரவு பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு
விடியுமுன் இறங்கினோம். அம்மாவுக்கு அப்போது கடல் வேண்டாம், ஒரு கழிப்பறை வேண்டும். காசு கொடுத்துப் போகிற ஒன்று இருந்தது. உள்ளே கால் வைக்க முடியவில்லை. விடுதி விடுதியாக ஏறி இறங்கினோம்.

“கடல் தெரியுற ரூம் 3,500, தெரியாதது 1,800. சீசன் சார். இப்பவே உள்ள போனா அரை நாள் வாடகை தனி” என்றான் ஒரு விடுதிப் பையன்.

சேலை மாற்றப் பத்து நிமிஷம் இடம் கேட்டேன். அப்படியெல்லாம் கொடுப்பதில்லையாம். எழுபது வயதுக்காரி வாசலில் நிற்கிறாள் என்பது அவன் கண்ணில் படவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைசியில் சங்குக் கடை அக்காதான், பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு, “வீடு பின்னாடிதாம்மா, வாங்க” என்று கூட்டிப்போனார். பிறகு, வேறு வழியில்லாமல் அதே விடுதியில்தான் அறை எடுத்தோம்.

ஐப்பசி முதல் மாசி வரைதான் இங்கே உதயம், அஸ்தமனம் இரண்டும் கடலில் தெரியும். ஐயப்ப பக்தர்கள் வருவதும் இந்த மாதங்களில்தான். சூரியனுக்கும் சாமிக்கும் சேர்த்து வாடகை ஏறுகிறது.

டிசம்பர் 22, திங்கள்
கடல் நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறதாம். வள்ளுவர் சிலைக்குப் படகு இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்
இன்றும் காலையில் படகு இல்லை. மதியம் விட்டார்கள், கூடுதல் கட்டணக்காரர்கள் முதலில் போனார்கள். எங்கள் வரிசை நகர்வதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றியது. 2000 ஜனவரி 1 அன்று வள்ளுவர் சிலை திறந்த செய்தியை அப்பா பேப்பரிலிருந்து வெட்டி பீரோக் கதவில் ஒட்டியிருந்தார். இன்னும் இருக்கிறது. 133 அடி. கரையிலிருந்தே அம்மா வெகுநேரம் பார்த்தாள். விவேகானந்தர் பாறையையும் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தைக் காட்டினேன். “அவர் இதைப் பார்க்கலையே” என்றாள்.

சங்குக் கடையில் பாசிமாலை வாங்கினாள், பேரம் பேசாமல். “மகரவிளக்கு முடிஞ்சா கடையப் பிரிச்சிரணும் மக்களே. அதுக்குள்ள கடைய ஏலம் எடுத்த காச எடுக்கணும்லா” என்றார் அக்கா.

டிசம்பர் 24, புதன்
நாலரை மணிக்கு அறையைக் காலி செய்தோம். படிக்கட்டுத் திருப்பத்தில், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஒருவன் சுருண்டு கிடந்தான். அன்று எங்களுக்கு வாடகை சொன்ன அதே பையன். வேலைக்காரர்கள் படுக்கும் அறையையும் சீசனில் வாடகைக்கு விட்டுவிடுவார்களாம். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஜனவரி 4, ஞாயிறு
அம்மா மறுபடி போகலாம் என்கிறாள், மாசிக்குள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கடலோர ஊர்களை நிர்வகிப்பவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கண்ணாடிப் பாலம் கட்டத் தெரிந்த நமக்கு, இரவு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் குளித்து உடை மாற்ற, பையை வைக்க, விடியற்காலை நாலு மணிக்கே திறந்திருக்கும் சுத்தமான ஓர் இடம் கட்ட முடியும். கட்டுங்கள்.