யோபு கதையில் ஒரு கணக்கு

யோபு புத்தகத்தோட கடைசி அதிகாரத்துல ஒரு கணக்கு வரும், கவனிச்சிருக்கீங்களா? ஆடு 7,000 போச்சு, 14,000 வந்துச்சு. ஒட்டகம் 3,000 போய் 6,000. எல்லாமே ரெண்டு மடங்கு. ஆனா பிள்ளைங்க? செத்தது பத்துப் பேர், அப்புறம் பிறந்ததும் பத்துப் பேர்தான். முதல் பத்துப் பேர் திரும்பி வரவே இல்லை.

இதை உக்காந்து எண்ணுற அளவுக்கு எனக்கு ஏது நேரம்னு கேட்டா, போன மாசம் வேலை போயிடுச்சு. எங்க டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. திருமுல்லைவாயல் ஃப்ளாட்டுக்கு இன்னும் பதினாறு வருஷம் ஈஎம்ஐ பாக்கி. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில ரிட்டயர் ஆனவர், அவர் பென்ஷன்ல கை வைக்க மனசில்லை. காலையில கண்ணு முழிச்சதும் வயித்துல ஒரு பயம்.

வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தவங்க எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி யோபுவைத்தான் கூட்டிட்டு வந்தாங்க. (வேலை போனவனுக்கு யோபு! ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்.) "அவருக்கு ரெண்டு மடங்கா கிடைச்சுது தம்பி, உனக்கும் ரெண்டு மடங்கு சம்பளத்துல வேலை வரும்." அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு ஒட்டலை.

அப்பாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அந்தச் சீமையில இதே யோபு கதையைக் கேட்டு வாழ்க்கை மாறின ஒருத்தர் உண்டு. 1712-ல நட்டாலத்துல பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனையில உத்தியோகம். மாடு சாகுது, பயிர் அழியுதுன்னு அடி மேல அடி. அவருக்கு யோபு கதையைச் சொன்னவர் டிலனாய், 1741 குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மா படைகிட்ட பிடிபட்ட டச்சுக் கம்பெனி தளபதி. அதாவது ஆறுதல் சொன்னவரே கைதியா வந்தவர்! அதான் அது எடுபட்டிருக்கும்னு நினைக்கிறேன்.

1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். லாசரஸ்ங்கிற பேரைத் தமிழ்ல தேவசகாயம்னு வெச்சாங்க. கடவுளோட உதவின்னு அர்த்தம். அந்த உதவி எப்படி வந்துச்சு தெரியுமா? 1749-ல கைது. எருமை மேல உக்கார வெச்சு ஊர் ஊரா ஊர்வலம், சவுக்கடி. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னுட்டாங்க.

யோபு கதையைக் கேட்டவருக்கு யோபுவோட கடைசி அதிகாரம் கிடைக்கலை. 2022 மே 15-ல போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தாரேன்னு கேட்கலாம். அது 270 வருஷம் கழிச்சு. சங்கிலியில கிடந்த மனுஷனுக்கு அதெல்லாம் தெரியாது. மதத்தை விட்டுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லலை. அந்தச் சொல்லாத தெம்பு எங்கேருந்து வந்துச்சோ, அதுதான் அவர் பேர்ல இருக்கிற சகாயம்னு எனக்குப் படுது.

அவர் பட்டதுக்கு முன்னாடி என் ஈஎம்ஐ ஒண்ணுமே இல்லைதான். ஆனா பயம் அப்படியேதான் இருக்கு. பயமே இல்லாததுதான் விசுவாசம்னா நான் பாஸாக மாட்டேன். பயந்துகிட்டே அவர் கையை விடாம இருக்கலாம்னா, அதுக்கு முயற்சி பண்ணுவேன். இப்பல்லாம் ஜெபத்துல ரெண்டு மடங்கு கேட்கிறதில்லை. இன்னிக்குப் பொழுதுக்குத் தெம்பு கொடு ஆண்டவரேன்னு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு இன்டர்வியூ இருக்கு. சம்பளம் பழசை விடக் கம்மி. ரெண்டு மடங்கு சொன்னவங்க கோவிச்சுக்காதீங்க, ஜெபத்துல நினைச்சுக்குங்க.