மூன்று பின்னின் பூர்வீகம்

பழைய சுவடிகளையும் இதழ்களையும் படமெடுத்துச் சேமிப்பது என் வேலை. அதனால் என் பயணப் பையில் துணிமணியைவிட ஒயர்களே அதிகம். கேமரா, அதன் இரண்டு பேட்டரிகள், பேட்டரி சார்ஜர், லேப்டாப், இரண்டு ஹார்ட் டிஸ்க், மேசைமேல் நிறுத்தும் இரண்டு எல்.இ.டி. விளக்குகள், போன், பவர் பேங்க். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒயர், பல ஒயர்களுக்குத் தனித்தனித் தலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே பயணத்தில் யாழ்ப்பாணம், சிங்கப்பூர், ஜெர்மனியின் ஹாலே என்று மூன்று ஊர்களுக்குப் போக வேண்டி வந்தது. ஹாலேயில் உள்ள பிராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில், தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிகள் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. புறப்படுவதற்கு முந்தைய இரவு ஊர்வாரியாக அடாப்டர்களைப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “உள்ள ஓடுறது ஒரே கரண்ட்டுதானே? அதுக்கு எதுக்குடா இத்தன மூக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாக இந்த மூக்குகளைச் சுமக்கிறேன். எங்கிருந்து வந்தன என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. அதற்கு முன்னால் ஒரு பயணத்தில், விருந்தினர் அறை ஒன்றில் இரவு பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் சார்ஜர் சாக்கெட்டிலிருந்து சற்றே நழுவிக் காற்றில் தொங்குகிறது. பேட்டரி காலி. சுவடிகளைப் பார்க்கக் கிடைத்த ஒரே நாளில் பாதி வீணாயிற்று. நம் வீடுகளிலும் போன் சார்ஜர் இப்படித்தான் தளர்ந்து தொங்கும். ஒரு பக்கம் சாய்த்துவைத்தால்தான் பிடிக்கும். மட்டமான சார்ஜர் என்றோ தேய்ந்த சாக்கெட் என்றோ நினைத்து விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா ஒயர்மேனாக இருந்தவர். அவர் காலமான பிறகும் அவருடைய தகரப்பெட்டி பரணில் இருந்தது. அம்மா கேட்ட அன்றிரவே அதை இறக்கினேன். டெஸ்டர், பியூஸ் கம்பி, பீங்கான் கட்டைகள், அடியில் பழுப்புநிற பேக்லைட் த்ரீ பின் பிளக் ஒன்று. பித்தளைப் பின்கள் கறுத்திருந்தன. முதுகைத் துணியால் துடைத்தபோது எழுத்துகள் தெரிந்தன: ‘5 ஏ’, அதன் கீழே ‘பி.எஸ். 546’.

அந்த எண்தான் எனக்குக் கிடைத்த முதல் நூல்முனை. பி.எஸ். என்றால் பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட். மூன்று உருண்டைப் பின் கொண்ட பிளக்கின் அளவுகளை வகுத்து 1934-ல் இங்கிலாந்தில் வெளியான தரநிலை அது. நம் நாட்டுத் தரநிலையான ஐ.எஸ். 1293 இன்றுவரை அதே உருவத்தைத்தான் பின்பற்றுகிறது. 5 ஆம்பியர் என்பதை 6 என்றும், 15 என்பதை 16 என்றும் இப்போது அச்சிடுகிறார்கள். புதிதாக வாங்கிய பிளக்கையும் அப்பாவின் பிளக்கையும் சுவரில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தின.

பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். அப்பாவின் பிளக்கில் மேலே உள்ள எர்த் பின் தடிமன், ஏறத்தாழ 7 மி.மீ.; நீளமும் கூடுதல். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. கீழே இரண்டும் 5.1 மி.மீ.; அவற்றுக்கு இடையே 19 மி.மீ. அடுத்து என் போன் சார்ஜரை அளந்தேன். இடைவெளி அதே 19 மி.மீ., பின்னின் தடிமனோ 4 மி.மீ. மட்டும். ஓட்டைகளின் தூரம் ஒன்றாக இருப்பதால் உள்ளே போகிறது. பின் ஒல்லியாக இருப்பதால் நிற்க மாட்டேன் என்கிறது. அது நம் பிளக்கே இல்லை. ஐரோப்பாவில் 1960-களில் வகுத்த, 2.5 ஆம்பியர் வரையுள்ள சிறு சாதனங்களுக்கான ‘யூரோ பிளக்’ அது. 5.1 மி.மீ. பின்னுக்காகச் செய்த ஓட்டைக்குள் 4 மி.மீ. பின்னைச் செருகிக்கொண்டிருக்கிறோம். தளர்வது மட்டுமில்லை, தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். நாட்டில் எத்தனை கோடிச் சுவர்களில் இன்றிரவு இது நடக்கிறது என்று யோசித்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

சரி, பிளக் என்ற ஒன்றே எப்போது வந்தது? தேடிப் போனால், மின்சாரம் வீட்டுக்குள் வந்தபோது அது இல்லை. மின்சாரம் விளக்குக்காக வந்தது. சுவரில் சாக்கெட் கிடையாது, கூரையில் ஹோல்டர் மட்டும்தான். இஸ்திரிப் பெட்டியோ விசிறியோ வாங்கியவர்கள் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே ஒயரை மாட்டினார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்வி ஹப்பல் என்பவர் 1904-ல் ஒரு காப்புரிமை பெற்றார். பல்ப் ஹோல்டரில் ஒரு துண்டைத் திருகி வைத்துவிட்டு, மறு துண்டை வேண்டும்போது செருகவும் பிடுங்கவும் ஆன அமைப்பு அது. பிடுங்கிச் செருகலாம் என்ற எண்ணத்தின் தொடக்கங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஹோல்டரிலிருந்து லைன் எடுத்து ரேடியோ கேட்ட வீடுகளைப் பற்றி அப்பாவும் சொல்லியிருக்கிறார். ஹப்பல் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அதே தேவை நம் தெருவரை வந்திருந்தது.

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கம்பெனி மின்சாரத்தை விற்றது. தன் சாக்கெட் பக்கத்து நாட்டுச் சாக்கெட்டோடு பொருந்த வேண்டும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் கப்பல் ஏறவில்லை. பிளக் என்பது வீட்டோடு கிடக்கும் பொருளுக்கான பாகம். என் கையில் இருப்பவையோ என்னோடு நடப்பவை. அம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது.

மதராஸில் மின்சார டிராம் ஓடியது 1895-ல். பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932-ல். மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934-ல். தமிழ்நாட்டுச் சிற்றூர்களை நோக்கிக் கம்பி நீண்ட காலமும், இங்கிலாந்தில் உருண்டைப் பின் தரநிலையான காலமும் ஒன்றுதான். ஆட்சியும் அவர்களுடையது, சாமானும் அவர்களுடையது. பின்னும் அப்படித்தான் நம் சுவரேறியது.

ஆனால் இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இப்போது உருண்டைப் பின் இல்லை, சதுரப் பின். அந்த மாற்றத்தின் கதையை நான் நெடுநேரம் படித்தேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, குண்டு விழுந்த வீடுகளைத் திரும்பக் கட்டும்போது ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். செம்புக்குத் தட்டுப்பாடு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனிக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கம்பி ஓட்டி எல்லாச் சாக்கெட்டையும் அதில் கோத்துவிட்டால் செம்பு மிச்சம். ஆனால் வளையத்தின் பியூஸ் 30 ஆம்பியர் தாங்கும். ஒரு மேசைவிளக்கின் மெல்லிய ஒயரை அது காப்பாற்றாது. ஆகவே பியூஸைப் பிளக்குக்குள்ளேயே வைத்தார்கள். உச்சம் 13 ஆம்பியர். 3 கிலோவாட் ஹீட்டருக்குப் போதும். இதுதான் 1947-ல் பி.எஸ். 1363 ஆக வெளிவந்தது.

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹேஸ்லெட் என்ற பொறியாளர். வீட்டில் தவழும் குழந்தை ஓட்டைக்குள் கம்பியை விடாதபடி சாக்கெட் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதில் அவர் பங்கு பெரியது. நீண்ட எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும் என்ற ஏற்பாடு அந்த அக்கறையோடு சேர்ந்தது. இதே சதுரப் பின் சாக்கெட் உள்ள சிங்கப்பூரில், அடாப்டர் இல்லாத நண்பர்கள் பேனாவின் முனையால் மேல் ஓட்டையை அழுத்தி, மூடியைத் திறந்து, நம்மூர்ச் சார்ஜரைச் செருகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அதைச் செய்ய எனக்குக் கை வருவதில்லை. செய்கிறவர்களையும் தடுக்கிறேன்.

நாம் விடுதலை பெற்ற 1947-ல்தான் இங்கிலாந்து சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கியது. உருண்டைப் பின் அங்கே அடியோடு அழியவும் இல்லை. நம் வீடுகளில் கீசருக்கும் ஏ.சி.க்கும் போடும் பெரிய 15 ஆம்பியர் பவர் பிளக்கை இங்கிலாந்தின் நாடக அரங்குகளில் மேடைவிளக்குகளுக்கு மாட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் தங்கிய வீட்டில் இந்த இரண்டு காலமும் ஒரே சுவரில் இருந்தன. ஒரு போர்டில் நம் உருண்டை ஓட்டை, நான்கடி தள்ளி இன்னொரு போர்டில் சதுர ஓட்டை. வீட்டுக்கார ஐயாவிடம் கேட்டேன். “உது அந்தக் காலத்து வயரிங், தம்பி. இது பிறகு வீடு திருத்தேக்கை போட்டது. உங்கட பிளக்கை இதில கொழுவேலாது, அதிலதான் கொழுவலாம்” என்றார். 2016-ல் இலங்கை, 13 ஆம்பியர் சதுரப் பின்னையே நாட்டின் ஒரே தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய போர்டுகள் மெல்ல மெல்லத்தான் போகும். அன்றிரவு கேமரா பேட்டரி உருண்டை ஓட்டையிலும் லேப்டாப் அடாப்டர் வழியாகச் சதுர ஓட்டையிலும் சார்ஜ் ஆகின.

ஹாலேயில் நடந்தது நான் எதிர்பாராதது. அறைச் சுவரில் கிண்ணம்போல் உள்வாங்கிய வட்டச் சாக்கெட், இரு பக்கமும் எர்த்துக்கான உலோகப் பட்டை. ‘ஷூகோ’ என்கிறார்கள், பாதுகாப்புத் தொடர்பு என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஆல்பர்ட் பூட்னர் என்ற பவேரியக்காரர் 1920-களில் அதற்குக் காப்புரிமை கோரினார். சென்னையில் வாங்கிய என் போன் சார்ஜரை அடாப்டர் இல்லாமல் அதில் செருகினேன். சிக்கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. என் வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்காகத் தளர்ந்து தொங்கிய பொருள், பிறந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து நின்றது. சுவடிகளைப் பார்க்க வந்த இடத்தில் ஒரு சார்ஜரைப் பார்த்துக் கண் கலங்குவேன் என்று நான் நினைக்கவில்லை.

உலகத்துக்கெல்லாம் ஒரே பிளக் செய்யும் முயற்சியும் நடந்தது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-ல் ஒரு பொது வடிவத்தை வெளியிட்டது. பிரேசில் அதைச் சில மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது, தென்னாப்பிரிக்காவும் ஏற்றது. மற்றவர்கள் அசையவில்லை. அசையாததற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். சாக்கெட்டை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கைவைக்க வேண்டும்.

சுவரில் நடக்காதது ஒயரின் மறுமுனையில் நடந்துவிட்டது. 2014-ல் வெளியான யு.எஸ்.பி. டைப் சி முனை, எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல், அங்கே புதிதாக விற்கும் போன், டேப்லெட், கேமராக்களுக்கு அதையே கட்டாயமாக்கியது. போனைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம், சுவரை மாற்றுவதில்லை; வேறுபாடு அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் பை கட்டும் முறை மாறிவிட்டது. மூன்று ஓட்டை கொண்ட 65 வாட் காலியம் நைட்ரைடு சார்ஜர் ஒன்று. பழைய லேப்டாப் சார்ஜரில் பாதிகூட இல்லை. டைப் சி கேபிள் நான்கு, ஒவ்வொன்றையும் தனியாகச் சுருட்டி ஒட்டுப்பட்டை சுற்றி, வாட் அளவை எழுதி வைத்திருக்கிறேன். நம்மூர் த்ரீ பின் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று. போகும் நாட்டுக்கு எர்த் உள்ள அடாப்டர் ஒன்று மட்டும். போர்டை அதில் மாட்டிவிட்டால் மற்றவை எல்லாம் ஊரில் இருப்பதுபோலவே ஓடும். சார்ஜரில் ‘100–240 வோல்ட்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அடாப்டர் பின்னின் உருவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டேஜை மாற்றாது. பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. என்னுடையது 20,000 எம்.ஏ.எச்., 3.7 வோல்ட், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74.

அடுத்த பயணம் டர்பன். கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்த குடும்பங்கள் சில, தங்கள் வீட்டுப் பழைய பாட்டுப் புத்தகங்களைப் படமெடுக்க அழைத்திருக்கிறார்கள். அங்கே என்ன சாக்கெட் என்று விசாரித்தேன். புதிய கட்டடங்களில் அந்த 1986-ன் வடிவம் வந்துகொண்டிருக்கிறது. பழைய வீடுகளில் பெரிய மூன்று உருண்டைப் பின், நம் 15 ஆம்பியர் பவர் பிளக்கேதான். அதே வெள்ளைக்காரன் அதே காலத்தில் அங்கேயும் கொண்டுபோனது.

தகரப்பெட்டியைத் திரும்ப இறக்கினேன். பேக்லைட் உடலில் விரிசல் இல்லாத 15 ஆம்பியர் பிளக் ஒன்று அடியில் கிடந்தது. திருகுகளைத் திறந்து பின்களைத் தனியாகக் கழற்றி அம்மாவிடம் காட்டி, “இது அங்க அப்படியே சேருமாம்மா” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பித்தளைப் பின்களையும் வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். கொஞ்சம் புளியைக் கரைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்து, முந்தானையில் துடைத்து, வெயிலில் காயவைத்தார். மாலையில் நான் அவற்றை மாட்டித் திருகை முறுக்கினேன்.