டீ நோட்டில் விட்டுப்போனது

"உங்க பொண்ணு இரும்புச் சத்து மாத்திரையை எதோட முழுங்கறாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, நான் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னேன்: "நான் போட்டுத் தர்ற டீயோடதான் டாக்டர்!"

அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், எனக்கும் டீக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகிக் குன்னூருக்கு வரும்வரை நான் காப்பி வீட்டுப் பெண். டீ என்றால் ஏதோ கறுப்புக் கஷாயம் என்றுதான் நினைப்பு. என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி வந்த பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, ராத்திரி முழுக்க வாட்டுகிறார்கள். வாடிய இலை, பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே போய் நசுங்கிக் கிழிந்து சுருண்டு வருகிறது. அதைக் காற்றுப்பட வைத்தால் பச்சை மாறிச் செம்பு நிறமாகிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்குமே, ஏறக்குறைய அதே சமாசாரம்தான்! பிறகு சூடான காற்றில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, இலை, தூள் என்று தரம் பிரிக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடம் முழுக்க ஒரு வாசனை வீசிற்றே, அதுதான் என்னை டீப் பைத்தியமாக்கியது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். மளிகைக் கணக்கு எழுதுகிற சாதாரண நோட்டுத்தான். எந்தத் தூள், எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், ருசி எப்படி என்று ஐந்து கட்டம் கட்டி, புதுசாக வாங்கும் ஒவ்வொரு டீயைப் பற்றியும் எழுதி வைப்பேன். "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகூட இவ்வளவு எழுதாது" என்று இவர் கேலி பண்ணுவார். பண்ணட்டுமே! எழுதி எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். தூள் டீ சட்டென்று சாயம் விடும். 2 நிமிடம் போதும். இலை டீக்கு 4 நிமிடமாவது வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு மூடி வைத்தால் மணம் நிற்கும். அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தால் மணம் போய், கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். டிசம்பர், ஜனவரிப் பனியில் பறித்த கொழுந்தில் செய்த நீலகிரித் தேயிலையின் மணமே தனி. அதில் பால் கலக்க மனசு வராது.

இப்படிப்பட்ட அம்மாவிடம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம். நடந்தால் மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வெளுத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 கிராம் என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கணக்காம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமுமா கொடுக்கிறேனே டாக்டர், மாத்திரையும் ஒருநாள் தவறலையே!" என்றேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மகள் பேரில் தப்பில்லை. வெறும் தண்ணீரோடு முழுங்கினால் குமட்டுகிறது என்றாள். "டீயோட போட்டுக்கோ கண்ணு" என்று யோசனை சொன்னதே நான்தான். காலை இட்லிக்குப் பிறகு ஒரு டீ, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டீ என்று பழக்கியதும் நானேதான்!

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். டீக்கு ருசி கொடுக்கிற அந்தத் துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாமல் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. மாத்திரைக்கும் இதே கதிதான். டீயில் உள்ள பாலின் சுண்ணாம்புச் சத்தும் அதன் பங்குக்குத் தடை செய்கிறது.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு மாத்திரையின் மேல்பூச்சைச் சுரண்டி, பொடித்து, பால் சேர்க்காத டீயில் போட்டேன். கலக்கக் கலக்க டீ மை மாதிரிக் கறுத்துப் போயிற்று! கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதியைக் கலந்து எழுதுகிற மை செய்வார்கள் என்று என் பாட்டி சொல்லியிருக்கிறாள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. அந்த மையைத்தான் நான் தினம் தினம் மகள் வயிற்றுக்குள் கலக்கி அனுப்பியிருக்கிறேன். "ஏம்மா அழறே?" என்று அவள் பதறினாள். என்ன சொல்வது?

டாக்டரம்மா சொன்னபடி மறுநாளே எல்லாம் மாறியது. கர்ப்பிணிகளுக்குத் தருகிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. தினம் ஒன்றாக 180 நாளாவது சாப்பிடச் சொல்கிறார்கள். அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த தண்ணீரோடு கொடுத்தேன். படுத்துவிட்டால் குமட்டலும் தெரியவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையைத் தனியாக மத்தியானத்துக்கு மாற்றினோம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாதாம். கீரையோடு நெல்லிக்காய்ப் பச்சடியோ, சாப்பாட்டுக்குப் பின் கொய்யாப்பழமோ சேர்ந்தது. அவற்றில் உள்ள வைட்டமின் 'சி' இரும்பை உடம்பில் ஏற்றிவிடும்.

டீயை நிறுத்தினோமா? இல்லை! "நிறுத்த வேண்டாம், நேரத்தை மாத்துங்க, இரண்டு கப்போட நிறுத்திக்கட்டும்" என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காப்பி வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆகவே 11 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 4 மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் 10.3. பிரசவத்துக்கு முன்னால் 11.2. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மகள் முகத்தில் பழைய களையும் வந்துவிட்டது.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் சாப்பிட்ட கையோடு டீ டம்ளரைத் தூக்குகிறோம்! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியைச் சாப்பிட்டு, அதிலிருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் டீக்குத் தாரை வார்க்கிறோம். பிறகு, "என்னமோ அசதியா இருக்கு" என்று அந்த அசதிக்கும் ஒரு டீ! குழந்தை அழுதால் பிஸ்கெட்டை டீயில் தோய்த்து ஊட்டுகிற வழக்கமும் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு டீயே வேண்டாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ களைப்பு, வெளுப்பு இருந்தால் முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். மாத்திரையை எப்போது, எதோடு சாப்பிடுவது என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நோட்டு இன்னும் இருக்கிறது. ஐந்து கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதன் தலைப்பு: 'எப்போது?'

இதை எழுதி முடிக்கும்போது மணி 4. மத்தியானம் சாப்பிட்டு இரண்டரை மணி நேரமாயிற்று. தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது. வரட்டுமா?