பாகூரில் இருத்தல்

புதுச்சேரிக்கு வருவோர் கடற்கரையையும் பிரெஞ்சு வீதிகளையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். தெற்கே பாகூர் வரை வருவோர் சிலரே. அதில் எங்களுக்குக் குறையொன்றுமில்லை.

இவ்வூரில் பழமை எங்கள் அன்றாடத்தோடு கலந்தே கிடக்கிறது. மூலநாதர் கோயிலின் கருங்கற் சுவரெங்கும் சோழர் காலத்து எழுத்துகள். அவற்றைக் கடந்துதான் விளக்கேற்றப் போகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவனின் 8ஆம் ஆட்சியாண்டில், இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. வடமொழியும் தமிழும் கலந்த ஏடு அது. கல்விக்கென ஊர்களையே எழுதி வைத்த மண்ணிலிருந்து இன்று எங்கள் பிள்ளைகள் பலர் படிப்புக்காகப் பேருந்தேறிப் போகின்றனர், சிலர் திரும்புவதில்லை.

1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதினர். வென்றோர் ஆங்கிலேயர். இரு கொடிகளும் இறங்கி நெடுங்காலமாயிற்று. ஏரி மட்டும் இன்னும் வேலை செய்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து ஏரியை நிறைக்கும் ஆண்டில், ஊரின் பேச்சே மாறிவிடுகிறது: நாற்று, நடவு, ஆள், கூலி.

அந்தப் பேச்சுக்காகவே இங்கிருக்கிறோம். வயல்களில் மனைக்கற்கள் முளைக்கும்போது நாங்கள் கலங்குவதும் அதனால்தான். நீருக்குக் காத்திருக்க வயலே இல்லையென்றால், பிள்ளைகளைத் திரும்பி வரச் சொல்ல எங்களிடம் என்ன காரணம் இருக்கும்?