நார்மன் பேட்ஸின் மீள்வருகை

ஹிட்ச்காக் 1960-இல் ஆக்கிய 'சைக்கோ' என்னும் படத்தைக் கண்டோர் நார்மன் பேட்ஸ் என்னும் கொலைஞனை மறத்தல் அரிது. அதன் தொடர்ச்சி ரிச்சர்டு பிராங்க்ளினால் இயக்கப்பெற்று 1983-இல் வெளிவந்தது. 22 ஆண்டு மனநோய் மருத்துவமனையில் இருந்த நார்மன், பிணி தீர்ந்தானென விடுவிக்கப்பெற்றுத் தன் பழைய இல்லத்திற்கே மீள்கின்றான். அப்பாத்திரத்தை மறுமுறையும் ஏற்ற அந்தோணி பெர்க்கின்ஸின் திறத்தை என்னென்போம்! தன் இல்லில் தங்கவந்த நங்கைக்கு உணவு படைக்குங்கால், கத்தியைத் தொடவும் அவன் கை கூசுகின்றது. நல்லவனாய் வாழும் வேட்கையும், தன்னையே நம்பவியலாத அச்சமும் அம்முகத்தில் மாறிமாறித் தோன்றுகின்றன. திருந்தி வந்தவனை உலகம் ஏற்குமோ என்னும் வினாவிற்கு விடை காண யாம் ஏங்கியிருந்தோம்.

கதையாசிரியரோ அதனை விடுத்து, கொலை செய்தவர் யாவர் என்னும் விடுகதையைப் பற்றிக்கொண்டார். முன்னர்க் கொலையுண்ட மேரியனின் உடன்பிறந்தாளாகிய லைலா, அவனை மீண்டும் பித்தனாக்கச் சூழ்ச்சி செய்கின்றாள். அம்மட்டில் நின்றிருப்பினும் நன்று. படம் முடியுந் தறுவாயில், உணவு விடுதியில் யாம் சிறிதே கண்ட முதியவள் ஒருத்தி வந்து, தானே அவனைப் பெற்றவள் என்றும், இம்முறை நிகழ்ந்த கொலைகள் தன் செயலே என்றும் உரைக்கின்றாள். சிலர்க்கு இது வியப்பளிக்கலாம், எமக்கு ஏமாற்றமே. அவளுக்குத் தேநீர் அளித்துவிட்டுப் பின்னின்று மண்வெட்டியை ஓங்கும் நார்மனின் கையில், அந்தப் பழைய கூச்சம் சிறிதும் இல்லை.