முன்பாரம்

"அண்ணை, உந்த வாகனத்தைக் குடுத்திட்டு ஒரு பிக்அப் ட்ரக் எடுப்பம் எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று என் தம்பி கேட்டான்.

2024ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், அவனுடைய சமையலறை மேசையில் எழுந்த கேள்வி இது. முப்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற நான், சைக்கிளுக்கு மேற்பட்ட வாகனம் எதையும் சொந்தமாக வைத்திருந்தவனல்லன். ஆயினும் அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் நடந்ததை நானும் அவ்வாகனத்தின் பின் ஆசனத்தில் இருந்து அனுபவித்திருந்தேன்.

தம்பி ஒரு பண்டகசாலைத் தொழிலாளி. வேலைத்தலத்தில் இளைப்பாறிய ஒருவரிடம் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு ட்ரெயிலரை வாங்கியிருந்தான். சில்லுப் பூட்டிய வீடென்றே அதனைச் சொல்லலாம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குளியலறை எல்லாம் அதற்குள் உண்டு. குடும்ப வாகனத்தின் பின்னாலுள்ள கொழுக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டியதுதான். ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டி, வடக்கேயுள்ள அல்கொன்குயின் வனத்துக்கு எல்லோருமாகப் புறப்பட்டோம். 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து சென்றபோது, பின்னால் வந்த வீடு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிற்று. ஆட்டம் வாகனத்தையும் பற்றிக்கொண்டது. மைத்துனி பிள்ளைகளின் கைகளைப் பிடித்தாள். தம்பி பிரேக்கை மிதியாமல் வேகத்தை மெல்லத் தணித்ததால் தப்பினோம். தெருவோரத்தில் நிறுத்தியபின் அவனால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

ட்ரெயிலருக்குள் ஏறிப் பார்த்தேன். தண்ணீர்க் கலன்கள், அரிசி மூட்டை, இறைச்சிப் பெட்டி, மடக்குக் கதிரைகள் எல்லாம் கடைசி மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. "முன்னுக்கு வைச்சா கொழுக்கிக்குப் பாரம் கூடுதெண்டு புத்தகத்தில கிடந்தது. அதுதான் பின்னுக்குத் தள்ளினன்" என்றான்.

எங்கள் தகப்பனார் வெங்காயப் பிடிகளை வண்டிலில் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டு போவார். ஏற்றி முடிந்ததும் நுகத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியாமற் கனத்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். இலகுவாக மேலெழுந்தால் பின்பாரம். நுகம் மாட்டின் தொண்டைக் கயிற்றை இறுக்கும், வண்டில் அலையும். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த மனிதருக்குத் தெரிந்த விதியையே இன்றைய பொறியியலாளரும் சொல்கிறார்கள்: ட்ரெயிலரின் முழு நிறையில் நூற்றுக்குப் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பங்கு கொழுக்கியில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆடும்.

ஆனால் எங்கள் சிக்கல் சாமான்களை முன்னுக்கு நகர்த்துவதோடு தீர்ந்துவிடவில்லை. ஊர் திரும்பியதும், பாரவண்டிகள் நிறுக்கும் ஒரு நிறுவைத் தளத்துக்குப் போனோம். விற்றவர் கொடுத்த பத்திரத்தில் ட்ரெயிலரின் நிறை 4,300 இறாத்தல் என்றிருந்தது. அது வெறும் கூட்டின் நிறை. தண்ணீரும் எரிவாயுவும் சட்டியும் படுக்கையும் ஏறியபின் 5,350 இறாத்தல் காட்டிற்று. 150 லீற்றர் தண்ணீர் மாத்திரமே 330 இறாத்தலாகும். சாமான்களை ஒழுங்காக அடுக்கியபோது கொழுக்கியில் இறங்கியது 640 இறாத்தல். தம்பியின் வாகனம் இழுக்கத்தக்கது 5,000. அதன் கொழுக்கி தாங்கத்தக்கது 500. அதாவது முன்னே வைத்தால் கொழுக்கி தாங்காது. பின்னே வைத்தால் தெருவில் ஆடும். ஆகவே பிக்அப் ட்ரக் வேண்டுமென்று அவன் எண்ணியது வெறும் பகட்டன்று என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

விற்பனை நிலையத்துக்கு நானும் போனேன். கறுப்பு நிறம், தோல் ஆசனம், கண்ணாடிக் கூரை. ஒன்பதாயிரம் இறாத்தலுக்கு மேல் இழுக்கும் என்றார் விற்பனையாளர். எங்கள் கணக்கு முடிந்தது போலத் தோன்றிற்று. ஆனால் சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவுக்கு மேற்படலாகாது என்பதை அது சொல்லும். கொழுக்கியில் இறங்கும் பாரமும் இதற்குள்ளேயே அடங்கும். அத்தாளில் 1,480 இறாத்தல் என்றிருந்தது. நான் பைக்குள் இருந்த காகிதத்தை எடுத்தேன். நாங்கள் ஐவரும் 720, பெட்டிகள் 150, கொழுக்கிப் பாரம் 640. கூட்டினால் 1,510. ஒன்பதாயிரம் இழுக்கும் என்ற இராட்சத வண்டி எங்கள் குடும்பத்துக்கு முப்பது இறாத்தல் போதாமற் போயிற்று! தோல் ஆசனமும் கண்ணாடிக் கூரையும் தம் நிறையையும் அந்தக் கணக்கிலிருந்தே தின்றுவிடுகின்றன. சாதாரண ஆசனம் வைத்த மலிவான வகையே கூடுதலாகச் சுமக்கும். அதைக் காட்டும்படி கேட்டபோது விற்பனையாளரின் உற்சாகம் சற்றுக் குறைந்தது.

இந்த இழுவைக் கணக்கு எப்படி வருகிறது என்று பெறாமகள் தேடிப் படித்துச் சொன்னாள். ஜே 2807 என்ற பொறியியல் நியமம் ஒன்று உண்டு. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கருகேயுள்ள நீண்ட ஏற்றத்தை அளவுகோலாகக் கொண்டு வாகனத்தின் வலிமையை அது மதிப்பிடுகிறது. அக்கணக்கில் சாதாரண பிக்அப் ஒன்றுக்குள் இருப்பவர்கள் இருவர். ஒவ்வொருவரும் 150 இறாத்தல். பிள்ளைகள் இல்லை, ஊரிலிருந்து வந்த பெரியப்பா இல்லை, அரிசி மூட்டை இல்லை. நாட்டின் சராசரிகளில் ஏழையின் குடும்பம் எப்படிக் காணாமற் போகிறதென்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான உதாரணம் அப்போது கிடைக்கவில்லை.

மலிவான வகையைக்கூட அவன் ரொக்கத்துக்கு வாங்கப் போவதில்லை. பழைய வாகனத்தைக் கழித்து 55,000 டொலர் கடன், வட்டி நூற்றுக்கு ஏழு, 84 மாதம். மாதம் 830 டொலர் வீதம் ஏழாண்டில் 69,720 டொலர். இதை எங்கிருந்து கட்டுவாய் என்றேன். "சனிக்கிழமை வேலை இருக்குத்தானே, அண்ணை. ஒண்டரை மடங்கு" என்றான். அவனுக்கு மணித்தியாலத்துக்கு 22 டொலர், சனிக்கிழமையில் 33. மாதத்தில் இருபத்தைந்து மணித்தியாலம், அதுவும் வரிக்கு முன். மூன்று சனிக்கிழமைகள் போய்விடும். எந்தச் சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போவதற்காக அந்த ட்ரக்கை வாங்குகிறானோ, அந்தச் சனிக்கிழமைகளை விற்றே அதற்குக் கடன் கட்ட வேண்டும்.

உல்லாசத்துக்கென்று முதலிற் கட்டப்பட்ட சில்லுவீடுகளில் ஒன்று, இங்கிலாந்தில் 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற இளைப்பாறிய கடற்படை வைத்தியருக்காகச் செய்யப்பட்டது. இரண்டு குதிரைகள் இழுத்தன. வண்டிக்காரன் ஒருவனும் பணியாள் ஒருவனும் உடன் சென்றார்கள். நாட்டைச் சுற்றிவர அவருக்குப் பொழுது இருந்தது. தொழிலாளிக்கோ பொழுதைப் போராடியே பெற வேண்டியிருந்தது. 1936இல் பிரான்சின் ஆலைகளில் நடந்த பெரும் வேலைநிறுத்தங்களின் பின்னரே அங்கு ஆண்டுக்கு இரண்டு கிழமை சம்பளத்துடனான விடுமுறை சட்டமாயிற்று. ஒன்ராறியோ மாகாணச் சட்டம் இன்று ஐந்தாண்டு வேலை செய்தவனுக்கு மூன்று கிழமை கொடுக்கிறது. ஆனால் அதனை எப்போது கொடுப்பது என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம். கோடை வேலை மிகுந்த காலமென்று தம்பிக்குக் கார்த்திகையிலும் தை மாதத்திலுமே விடுமுறை தருகிறார்கள். தை மாதத்தில் கனடாவில் ட்ரெயிலரின் குழாய்கள் வெடியாதிருக்கத் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, வாடகைக்கு எடுத்த வளவொன்றில் அதனைப் பூட்டி வைக்கிறார்கள். அவ்வாண்டு முழுவதிலும் அது வெளியே சென்றது மூன்று தடவை; எட்டு இரவுகள்.

இவ்வளவையும் காகிதத்தில் எழுதி அவன்முன் வைத்தேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கணக்குச் சரி. ஆனா வீடு பின்னால வருது எண்டா மனசுக்கு ஒரு தெம்பு, அண்ணை" என்றான்.

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. அயலவர் ஒருவரின் லான்ட்மாஸ்டர் பெட்டியில் அம்மாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. தையல் மெசினையும் ஏற்றக் கேட்டோம். பெட்டியில் இடமில்லை என்றார்கள். மழையில் அவன் அதனைச் சைக்கிளில் கட்டி உருட்டினான். கைதடிக்கு வந்தபோது அது எங்களிடம் இல்லை. எங்கே விட்டான் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கணித வாத்தியார் எழுதிய காகிதத்தில் இந்தப் பாரத்துக்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

நான் ஊர் திரும்பும்வரை அவன் முடிவெடுக்கவில்லை. 2025ஆம் ஆண்டு சித்திரையில் தொலைபேசியில் அழைத்தான். பெரிய ட்ரெயிலரை விற்றுவிட்டான். சாமான் ஏற்றினாலும் 2,600 இறாத்தலைத் தாண்டாத மடக்குக் கூடார ட்ரெயிலர் ஒன்றை, பழையது, வாங்கியிருந்தான். இருக்கும் வாகனமே அதனை இழுக்கிறது. விற்பனையாளர் இப்போதும் செய்தி அனுப்புகிறாராம். இன்னொன்றையும் போகிறபோக்கிற் சொன்னான்: பதினோராண்டில் முதன்முறையாகத் தொழிற்சங்கக் கூட்டமொன்றுக்குப் போயிருக்கிறான். ஆடி, ஆவணியில் ஒவ்வொருவருக்கும் முறைவைத்து ஒரு கிழமையாவது விடுமுறை தரவேண்டுமென்று அங்கே பேசப்பட்டதாம். நிர்வாகம் இன்னும் பதில் கொடுக்கவில்லை. "நீயும் பேசினாயோ?" என்றேன். "கை உயர்த்தினன்" என்றான்.

பின்னர் பெறாமகள் தொலைபேசியை வாங்கினாள். "பெரியப்பா, இது நல்லாச் சின்னன். நீங்கள் வந்தா உங்களுக்கு வெளியில தனிக் கூடாரம்தான் அடிக்கோணும்" என்றாள்.