தட்டோடு ஓர் ஊர்வலம்

தில்லியின் தெற்கே, சத்தர்பூர் பண்ணை வீடுகளில் கல்யாண வரவேற்பு என்றால் பந்தி கிடையாது. தட்டை ஏந்திக்கொண்டு விருந்தினர்களே ஸ்டால் ஸ்டாலாக நகர வேண்டும். கோல்கப்பாவைச் சுற்றித்தான் நெரிசல். புளித்தண்ணீர் பட்டுப்புடவைக்குப் பயப்படுவதில்லை. அகலமான தவாவின் விளிம்பில் பொரித்த பாகற்காய், வெண்டைக்காய். கை காட்டியதை நடுவே இழுத்து மசாலாவில் புரட்டித் தருகிறார்கள். குளிர்காலமானால் பழைய தில்லியின் தௌலத் கி சாட் உண்டு: குங்குமப்பூ தூவிய பால் நுரை, வெயில் பட்டால் அமுங்கிவிடும்.

ஆனால் கைத்தடி ஊன்றிய தாத்தா தட்டை எந்தக் கையில் பிடிப்பார்? வரிசையாக உட்கார வைத்து, 'இன்னும் ஒரே ஒரு பூரி' என்று பெண் வீட்டார் கெஞ்சிய கல்யாணங்களில் சாப்பிட்டவர். ஓர நாற்காலியில் காத்திருக்கிறார். பேத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் ஜிலேபி ஆறிவிடுகிறது.